இழையும் பிசினும்

சுமை தூக்குவோன் ஒருவன் நெல் மூட்டை ஒன்றைத் தலையில் ஏற்றிக்கொண்டு நெடுவழி நடக்கின்றான். அவன் கூலி பெறுவது மூட்டையைச் சுமந்தமைக்கே; தன் உடலைச் சுமந்தமைக்கு அன்று. ஆயினும் மூட்டையோடு தன் உடலையும் சேர்த்தே அவன் தூக்கிச் செல்கின்றான். ஊர்தியின் நிலையும் இதுவே. வண்டி தன்மேல் ஏறிய மக்களை மட்டும் இழுத்துச் செல்வதில்லை. தன்னையும் இழுத்துச் செல்கின்றது. நடுத்தரமான மோட்டார் கார் ஒன்று ஏறத்தாழ 1200 கிலோகிராம் எடை உடையது. 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் அதில் தனியே அமர்ந்து கடைத்தெருவுக்குச் சென்று வருகின்றார் என்று கொள்வோம். ஒரு பங்கு மனிதரைக் கொண்டுசெல்வதற்காக இருபது பங்கு இரும்பும் கண்ணாடியும் இரப்பரும் உடன் பயணம் செய்கின்றன. இஃது அறிவுக்குப் பொருந்திய செயலா?

இக்கேள்வியைப் பொறியாளர் நெடுங்காலமாகக் கேட்டு வருகின்றனர். காரின் எடையைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் எரிபொருட் செலவில் நூற்றுக்கு 6 முதல் 8 வரை மிச்சமாகும் என்பது அவர்கள் கண்ட கணக்கு. அங்ஙனமாயின் எவ்வுறுப்பின் எடையைக் குறைப்பது? பட்டறைகளில் ‘பாடி’ என்று வழங்கும் மேற்கூடே காரின் உறுப்புகளுள் மிகுந்த எடை உடையவற்றுள் ஒன்று. அது பெரும்பாலும் எஃகுத் தகட்டால் ஆவது. எஃகு தண்ணீரைப்போல் ஏறக்குறைய 7.8 மடங்கு கனமுடையது. அலுமினியம் 2.7 மடங்கு கனமுடையது. ஆனால், கரியிழையும் பிசினும் சேர்த்துச் செய்த பலகை ஒன்று தண்ணீரைப்போல் ஒன்றரை மடங்கே கனக்கும். எனினும் வலிமையில் எஃகுக்கு இளைத்தது அன்று. இத்தகைய பொருள்களையே ‘கூட்டுப் பொருள்கள்’ என்பர்.

கூட்டுப் பொருள் என்பது யாது? யான் பொறியியல் கற்றவன் அல்லேன். இலக்கணம் கற்பித்து முதுமை எய்தியவன். ஆதலின் எனக்குத் தெரிந்த வழியால் இதனை விளக்குகின்றேன். தொகைநிலைத் தொடர்களைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். ‘பொன்’ என்னும் சொல்லும் ‘தொடி’ என்னும் சொல்லும் சேர்ந்து ‘பொற்றொடி’ ஆகும். அது பொன்னாலாகிய வளையலைக் குறிக்குமளவும் வேற்றுமைத்தொகை. ‘பொற்றொடி வந்தாள்’ என்னும்போதோ, வந்தது பொன்னும் அன்று, தொடியும் அன்று, அத்தொடியை அணிந்த நங்கையே வந்தாள். இரு சொற்களிலும் இல்லாத புதுப்பொருள் ஒன்று அவற்றின் சேர்க்கையால் பிறந்தது. இதனை அன்மொழித்தொகை என்கிறோம். கூட்டுப் பொருளும் அத்தகையதே. கண்ணாடியை மெல்லிய இழையாக இழுத்தால் அவ்விழை பெரும் இழுப்பைத் தாங்கும். ஆனால், நூலைப்போல் துவண்டு விழும். பிசின் இறுகினால் வடிவம் கொள்ளும்; ஆனால், சிறு அடிக்கும் உடைந்து போகும். இழையைப் பரப்பிப் பிசினை ஊற்றி இறுகச் செய்தால், துவளாததும் உடையாததுமான புதுப்பொருள் ஒன்று தோன்றுகின்றது. தனித்து நின்றபோது இரண்டிடத்தும் இல்லாத வன்மை, கூடி நின்றபோது பிறக்கின்றது.

இக்கருத்துப் புதியது அன்று. சேற்றில் வைக்கோலைக் கலந்து மிதித்துச் சுவர் எழுப்பிய நம் முன்னோர் செய்ததும் கூட்டுப் பொருளே. இன்று நம் கடற்கரை ஊர்களில் மீனவர் ஓட்டிச் செல்லும் ‘பைபர்’ படகும் கண்ணாடியிழையும் பிசினும் கொண்டு ஆக்கப்பட்டதே. மண்ணாலும் வைக்கோலாலும் சுவர் எழுப்பிய மனிதன், பின்னர் அம்முறையைக் காரின் கூட்டுக்கும் கொண்டுவந்தான்.

அவ்வாறு முயன்றவர்களுள் அமெரிக்க நாட்டு ஹென்றி போர்டு குறிப்பிடத்தக்கவர். உழவர் குடியில் பிறந்த அவர், வயலில் விளைவது தொழிற்சாலைக்கும் பயன்பட வேண்டும் என்று விரும்பினார். 1941-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், மிச்சிகன் மாநிலத்து டியர்பார்ன் நகரில் நடந்த விழா ஒன்றில், எஃகுக் குழாய்ச் சட்டத்தின்மேல் 14 பிளாஸ்டிக்குப் பலகைகள் பொருத்திய கார் ஒன்றை அவருடைய நிறுவனத்தார் காட்டினர். சோயா மொச்சையும் அப்பலகைகளில் சேர்ந்திருந்தது என்பர். அக்கார் ஏறத்தாழ 900 கிலோகிராம் எடையே இருந்தது. அக்காலத்து எஃகுக் காரைவிட ஏறக்குறைய 450 கிலோகிராம் குறைவு. ஆயினும் அடுத்த ஆண்டே அமெரிக்காவில் போரின் பொருட்டுக் கார் உற்பத்தி நிறுத்தப்பட்டது. போர் முடிந்த பின்னர் அம்முயற்சியை எவரும் தொடர்ந்திலர்.

1953-ஆம் ஆண்டில் அதே மிச்சிகன் மாநிலத்துப் பிளின்ட் நகரில் செவர்லே நிறுவனத்தார் ‘கார்வெட்’ என்னும் காரைக் கண்ணாடியிழைக் கூட்டோடு செய்தனர். அவ்வாண்டில் வெளிவந்தவை 300 கார்களே. எஃகுத் தகட்டை அழுத்தி வளைப்பதற்குப் பேரச்சுகள் வேண்டும். அவற்றின் விலை மிகுதி. இலட்சக் கணக்கில் செய்வோர்க்கு அவ்விலை கட்டும். நூற்றுக் கணக்கில் செய்வோர்க்குக் கட்டாது. கண்ணாடியிழைக்கோ எளிய வார்ப்பே போதும். ஆயினும் எஃகுத் தகடு அச்சில் சில நொடிகளில் வடிவம் பெறும். பிசின் இறுகுவதற்குப் பல நிமிடங்கள் ஆகும். சிறு தொகைக்கு இழை, பெருந்தொகைக்கு எஃகு என்னும் வழக்கம் இதனால் நிலைபெற்றது.

இனிக் கரியிழையைப் பற்றிக் காண்போம். ஆடை நெய்யப் பயன்படும் செயற்கை இழையை ஒத்த ஓர் இழையை முதலில் 200 முதல் 300 பாகை வெப்பத்தில் காற்றிடையே வாட்டுவர். பின்னர்க் காற்றுப் புகாத உலையில் 1000 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் அதனைச் சுடுவர். ஏனைய பொருள்கள் ஆவியாகிப் போகக் கரி மட்டும் இழையாக எஞ்சும். அதன் பருமன் மனிதர் தலைமயிரின் பருமனில் பத்தில் ஒரு பங்கு அளவினதே. இழை ஓடும் திசையிலேதான் அதற்கு வலிமை உண்டு. ஆகவே நெசவாளர் பாவும் ஊடுமாக நூலை அமைப்பதுபோல, விசை எத்திசையில் வருமோ அத்திசைகளை நோக்கி இழைகளை அடுக்கடுக்காக வைத்துப் பிசினால் பிணிப்பர். எஃகு எல்லாத் திசையிலும் ஒரே வலிமை உடையது. வேண்டாத இடத்திலும் அதன் கனம் இருந்தே தீரும். இழையோ வேண்டிய இடத்தில் மட்டும் வலிமை தரவல்லது. இதுவே இதன் சிறப்பு.

இச்சிறப்பைப் பந்தயக் களத்தில் நிறுவியவர் ஜான் பர்னார்டு என்னும் ஆங்கிலேயர். 1981-ஆம் ஆண்டில் அவர் வகுத்த மெக்லாரன் பந்தயக் காரில், ஓட்டுநர் அமரும் கூடு முழுவதும் கரியிழையால் ஆகியிருந்தது. மோதினால் அது பொடியாகிவிடும் என்று ஐயுற்றோர் பலர். அவ்வாண்டிலேயே இத்தாலி நாட்டு மோன்சாவில் நடந்த பந்தயத்தில் ஜான் வாட்சன் என்பவர் ஓட்டிய அக்கார் நிலைதவறி மோதியது. மோதிய விசையில் எஞ்சின் பிய்ந்து தனியே போயிற்று. ஆனால், கூடு சிதையவில்லை; வாட்சன் தாமே இறங்கி நடந்து வந்தார். ஐயுற்றோர் வாயடைத்தனர். இன்று அவ்வகைப் பந்தயக் கார்கள் யாவும் கரியிழைக் கூடு உடையனவே. உயிரைக் காக்கும் பொருள் என்னும் பெருமை கூட்டுப் பொருளுக்கு இவ்வாறு வந்து சேர்ந்தது.

பந்தயக் களத்திலிருந்து அப்பொருள் தெருவுக்கு வந்தது. 1992-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘மெக்லாரன் எப்-1’ என்னும் கார் கரியிழைக் கூட்டோடு சாலையில் ஓடியது. ஆனால், செய்யப்பட்டவை மொத்தம் 106 கார்களே; அவற்றை வாங்கியோர் பெருஞ்செல்வர். பொதுமக்களுக்கான காரில் கரியிழையைப் பேரளவில் புகுத்திய முயற்சி 2013-ஆம் ஆண்டில் செருமனியில் தொடங்கியது. பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தார் ‘ஐ-3’ என்னும் மின்சாரக் காரை வெளியிட்டனர். மின்சாரக் காரில் மின்கலங்கள் பெருங்கனம் உடையவை. அக்கனத்தை ஈடுசெய்ய வேறோர் இடத்தில் கனம் குறைய வேண்டும். ஆதலின் மின்கலத்தைத் தாங்கும் கீழ்ச்சட்டத்தை அலுமினியத்தாலும், மக்கள் அமரும் கூட்டைக் கரியிழையாலும் செய்தனர். சுடுவதற்குரிய மூல இழை சப்பானில் பிறந்தது; அமெரிக்காவின் வாசிங்டன் மாநிலத்தில், மோசசு லேக் என்னும் ஊரில், நீர்மின்சாரத்தைக் கொண்டு கரியிழையாகச் சுடப்பட்டது; செருமனியில் துணியாகப் பின்னப்பட்டு, லைப்சிக் நகரில் காராக உருவெடுத்தது. 2022-ஆம் ஆண்டில் அதன் உற்பத்தி நின்றது. அதுவரை வெளிவந்த கார்கள் ஏறத்தாழ 2,50,000. அந்நிறுவனத்தாரே அதன் பின்னர் வெளியிட்ட கார்களில் முழுக் கூட்டையும் கரியிழையால் செய்யாது, தேவையான சில இடங்களில் மட்டும் அதனை எஃகோடும் அலுமினியத்தோடும் சேர்த்துப் பயன்படுத்துவாராயினர்.

இவ்வளவு நல்ல பொருளை ஏன் முழுவதும் மேற்கொள்ளவில்லை? விலை மிகுதி என்பர் ஒரு சாரார். அஃது உண்மையே. ஆயினும் விலையை மட்டும் கருதி இதனை முடிவுசெய்தல் கூடாது. வேறு மூன்று கேள்விகளையும் நாம் கேட்டாக வேண்டும். ஒரு பொருளின் நன்மை தீமையை அது தராசில் ஏறும் நாளில் மட்டும் கண்டுவிட இயலாது. அது பிறந்த வகை யாது? வாழும் வகை யாது? மறையும் வகை யாது? இம்மூன்றும் தெரிந்தாலன்றித் தீர்ப்புக் கூறலாகாது என்பது என் கருத்து.

முதலாவது, பிறந்த வகை. ஒரு கிலோகிராம் கரியிழை செய்வதற்கு, ஒரு கிலோகிராம் எஃகு செய்வதைவிடப் பல மடங்கு ஆற்றல் செலவாகின்றது. இச்செலவு இயற்கையிடம் நாம் வாங்கும் கடன். கார் ஓட ஓட, எடைக் குறைவால் மிச்சமாகும் எரிபொருள் அக்கடனைச் சிறிது சிறிதாக அடைக்கின்றது. எனவே மிகுதியாக ஓடும் வண்டியே கடனை அடைத்து மேலும் ஊதியம் தரும். ஓடாத வண்டி கடனாளியாகவே மடியும். ஆனால், உலகில் நாம் காண்பது யாது? செல்வரின் மாளிகையில் திங்களுக்கு ஒருமுறை உறை நீக்கிப் பார்க்கப்படும் விளையாட்டுக் காருக்குக் கரியிழைக் கூடு. விடியல் முதல் நள்ளிரவு வரை ஆயிரம் பேரை ஏற்றி இறக்கும் பேருந்துக்கோ பெரும்பாலும் எஃகுக் கூடு! உழைப்பவன் தலையில் பாரத்தை வைத்து, உறங்குபவனுக்கு மெல்லாடை போர்த்துவது போன்றது இது. இலேசான கூடு முதலில் சென்று சேர வேண்டிய இடம், நாள் முழுவதும் ஓடும் பேருந்தும் வாடகைக் காரும் சரக்கு வண்டியுமே ஆகும்.

இரண்டாவது, வாழும் வகை. எஃகுக் கூடு மோதினால் ஒடுக்கு விழும். ஒடுக்கு விழுந்தது கண்ணுக்குத் தெரியும்; பட்டறைக்காரர் பின்புறமிருந்து தட்டி அதனை நிமிர்த்துவார். கூட்டுப் பொருளோ வேறு இயல்புடையது. வெளித்தோற்றத்தில் சிறு கீறலும் இல்லாதபோதே உள்ளே அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்திருத்தல் கூடும். முகத்தில் நகையும் அகத்தில் பிளவும் உடைய நட்பைப் போன்றது அது. அப்பிளவைக் கண்டறியத் தனிக் கருவிகள் வேண்டும். அவற்றைக் கையாளும் பயிற்சி வேண்டும். ஆகவே இப்பொருளைப் பரப்ப விரும்புவோர், அதனைச் செப்பனிடும் கல்வியையும் உடன் பரப்பக் கடமைப்பட்டவர். இல்லையேல், சிறு மோதலுக்கும் முழு உறுப்பையும் கழற்றி எறிய நேரும். நல்ல தொழிலாளர் பலர் தம் கைத்திறனுக்கு வேலையின்றி நிற்பர்.

மூன்றாவது, மறையும் வகை. இதுவே அனைத்தினும் பெரிது. வெல்லத்தைக் காய்ச்சினால் இளகும், ஆறினால் இறுகும், மீண்டும் காய்ச்சினால் மீண்டும் இளகும். சுட்ட மண்கலமோ மீண்டும் பச்சை மண் ஆகாது. எஃகு வெல்லத்தைப் போன்றது. பழைய காரின் எஃகு, பழைய இரும்புக் கடை வழியாக உலைக்குச் சென்று, உருகிப் புது எஃகாக மறுபிறவி எடுக்கும். கூட்டுப் பொருளில் பெரும்பாலும் பயன்படும் பிசின் சுட்ட கலத்தைப் போன்றது. ஒருமுறை இறுகியபின் மீண்டும் உருகாது.

இதனால் விளைந்த தொல்லையைக் கிழக்குச் செருமனியின் வரலாறு காட்டுகின்றது. அந்நாட்டில் நல்ல எஃகுத் தகடு கிடைத்தல் அரிதாயிற்று. ஆதலின் சுவிக்காவ் நகரில் 1957-ஆம் ஆண்டு முதல் ‘டிராபண்ட்’ என்னும் எளிய காரைச் செய்தபோது, எஃகுச் சட்டத்தின்மேல் பஞ்சுக் கழிவையும் பிசினையும் அழுத்திச் செய்த பலகைகளைப் பொருத்தினர். ‘டூரோபிளாஸ்ட்’ என்பது அதன் பெயர். அது துருப் பிடிக்காது, விலையும் குறைவு. வறிய நாடொன்று கழிவுப் பஞ்சைக்கொண்டு தன் மக்களுக்குக் கார் தந்த அத்திறத்தை நாம் போற்றவே வேண்டும். 1991-ஆம் ஆண்டு வரை 30 இலட்சத்திற்கும் மேற்பட்ட கார்கள் அவ்வாறு வெளிவந்தன. 1989-ஆம் ஆண்டில் பெர்லின் மதில் திறக்கப்பட்டது. மக்கள் மேற்கு நாட்டுக் கார்களை வாங்கத் தொடங்கினர். பழைய டிராபண்டுகள் தெருவோரங்களில் கைவிடப்பட்டன. அவற்றின் எஃகை உருக்கலாம். பலகைகளை உருக்க இயலாது. எரித்தாலோ நச்சுப் புகை எழும். துருப் பிடிக்காத பெருமையே அழியாத தொல்லையாயிற்று! பின்னர் அவற்றைத் துண்டு துண்டாக நறுக்கிக் கட்டடப் பொருளோடு கலக்கும் வழிகளைத் தேடினர். வண்டியைச் செய்த நாளில் நினையாததை, வண்டி கிடந்த நாளில் நினைக்க நேர்ந்தது.

இத்தகைய படிப்பினைகள் வீண்போகவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2000-ஆம் ஆண்டில் ஒரு விதி வகுத்தது. 2015-ஆம் ஆண்டு முதல், பயன் முடிந்த காரின் எடையில் நூற்றுக்கு 95 பங்கு மீட்கப்பட வேண்டும் என்றும், அதில் 85 பங்கு மீண்டும் பொருளாகவே பயன்பட வேண்டும் என்றும் அது கூறியது. ‘உன் காரின் கூடு முடிவில் எங்கே போகும்?’ என்று செய்வோரைச் சட்டமே கேட்கத் தொடங்கியது. அறிஞரும் வழி தேடி வருகின்றனர். காற்றின்றிச் சூடேற்றினால் பிசின் ஆவியாகிப் போகக் கரியிழை மிஞ்சுகின்றது; ஆயினும் அது நீளம் குறைந்து துணுக்குகளாகவே கிடைக்கும். வெல்லத்தைப்போல் மீண்டும் இளகும் பிசின்களையும் இப்போது பயன்படுத்துகின்றனர். ஆளிச் செடியின் நார், சணல் நார் முதலியவற்றைக் கண்ணாடியிழைக்கு மாற்றாக வைக்கின்றனர். 2019-ஆம் ஆண்டில் போர்சே நிறுவனத்தார் தம் பந்தயக் கார் ஒன்றின் கதவுகளையும் பின்சிறகையும் இத்தகைய நாரால் ஆன கூட்டுப் பொருளால் செய்தனர். 1941-இல் போர்டு வயலை நோக்கித் திரும்பிய திசையிலேயே இன்றையோரும் திரும்புகின்றனர் எனலாம்.

இவற்றையெல்லாம் கூறியதால், கூட்டுப் பொருளை வேண்டாவென ஒதுக்குகின்றேன் என்று எவரும் கொள்ளற்க. எடை குறைந்த ஊர்தி உலகுக்கு இன்றியமையாதது. எரியும் எண்ணெய் குறைய வேண்டும். புகை குறைய வேண்டும். மின்சாரக் கார் ஒரே ஏற்றத்தில் நெடுந்தொலைவு செல்ல வேண்டும். இவற்றுக்கு இழையும் பிசினும் பெருந்துணை செய்யும். யான் வேண்டுவது ஒன்றே. ஊர்தியின் சுமையைக் குறைக்க முனைந்து, உலகின் சுமையைக் கூட்டிவிடலாகாது. சாலையில் இலேசாக ஓடி, முடிவில் மண்ணின்மேல் கனமாகக் கிடக்கும் கூட்டை இலேசான கூடு என்று எவ்வாறு கூறுவது? தராசு பொய் சொல்லாது. ஆனால், அது பாதி மெய்யையே சொல்லும். மறுபாதியை நாமே கேட்டறிய வேண்டும்.

மாணவர்களே! உங்களுள் சிலர் நாளைப் பொறியாளர் ஆவீர். சிலர் தொழில் நடத்துவீர். பலர் கார் வாங்குவீர். புதுப்பொருள் ஒன்று உங்கள் முன் வரும்போது அதன் பளபளப்பைக் கண்டு மயங்குதலும் வேண்டா. பழையதன்று என்பதற்காக வெறுத்தலும் வேண்டா. எங்கிருந்து வந்தது, எவர்க்குப் பயன்படும், எங்கே போய் முடியும் என்னும் மூன்றையும் கேளுங்கள். இழை தனித்து நின்றால் துவளும். பிசின் தனித்து நின்றால் உடையும். அறிவும் அவ்வாறே. செய்யும் திறன் ஓர் இழை. பின்விளைவை எண்ணும் பொறுப்பு அதனைப் பிணிக்கும் பிசின். இரண்டும் கூடிய இடத்திலேயே உறுதியான நன்மை பிறக்கும்.